நிறைமாதத் தாயும் நம் இல்லமும்

(சங்கத்தின் வெள்ளி விழாவையொட்டி உப்பளத்தில் நடைபெற்ற இளைஞர் அரங்கில் ஆற்றிய உரை)

 

வெள்ளி விழாவில் பேச வருமாறு சங்கத்தார் அழைத்தபோது, கல்வியைப் பற்றிப் பேசுங்கள் என்றார்கள். நானும் இசைந்தேன். ஆயினும் நான் எடுத்துக்கொண்டுள்ள பொருளைக் கேட்டவுடன், தலைமையாசிரியர் தடம் மாறிவிட்டார் என்று உங்களுள் சிலர் எண்ணக்கூடும். கருவுற்ற பெண் ஏழாம் திங்கள் முதல் பேறுகாலம் வரை நம் வீடுகளில் எவ்வாறு வாழ்கிறாள் என்பதைப் பற்றித்தான் பேசப் போகிறேன். இது மருத்துவர் பேச வேண்டியது, அல்லது பெண்கள் தமக்குள் பேசிக்கொள்ள வேண்டியது என்று நினைப்பவர்கள் சற்றுப் பொறுத்துக் கேட்க வேண்டுகிறேன். எனக்கு இந்தப் பொருளை முதலில் கற்பித்தது பள்ளியின் வருகைப் பதிவேடு.

ஆசிரியப் பணியில் முப்பது ஆண்டுகளை நெருங்குகிறேன். நன்றாகப் படித்துக்கொண்டிருந்த ஏழாம் வகுப்பு, எட்டாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி திடீரென வாரத்தில் இரண்டு நாள் வராமற் போவாள். பின்பு அது மூன்று நாளாகும். காய்ச்சலா என்று கேட்டால் தலையைக் குனிந்துகொள்வாள். பக்கத்தில் இருப்பவள்தான், "அவங்க அம்மாவுக்கு இது ஒன்பதாம் மாசம் சார்" என்பாள்.

அப்படி ஒரு சிறுமியைப் பற்றிச் சொல்லுகிறேன், பெயர் வேண்டாம். எட்டாம் வகுப்பு, கணக்கில் கெட்டிக்காரி. ஐப்பசி, கார்த்திகை இரண்டு திங்களிலுமாகப் பத்தொன்பது நாள் அவள் வரவில்லை. வீட்டுக்குச் சென்றேன். அடுக்குமாடிக் குடியிருப்பின் இரண்டாம் மாடி. எனக்கு முன்னால் அச்சிறுமி நிறைகுடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு படியேறிப் போய்க்கொண்டிருந்தாள். தாய் சுவரில் சாய்ந்து கால்களை நீட்டி அமர்ந்திருந்தார், கால்கள் வீங்கியிருந்தன. தகப்பனாரும் வேலை தேடிக்கொண்டிருந்த மூத்த மகனும் தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்தனர். அவர்கள் கெட்டவர்கள் அல்லர். என்னைக் கண்டதும் எழுந்து நாற்காலி போட்டனர். தகப்பனார் சொன்னவுடன் மகன் தேநீர் வாங்க ஓடினான். தேநீருக்கு ஓடிய அந்த இளைஞனுக்குக் குடத்தைத் தூக்க வேண்டுமென்று தோன்றவில்லை. தூக்கச் சொல்லி அவனிடம் எவரும் கூறியதுமில்லை.

அச்சிறுமி அரையாண்டுத் தேர்வு எழுதவில்லை. தம்பி பிறந்தான், நலமாகவே பிறந்தான். அவனைப் பார்த்துக்கொள்ள இன்னும் சில வாரம் போயின. ஒன்பதாம் வகுப்பில் இயற்கணிதம் அவளுக்குப் பிடிபடவில்லை. பத்தாம் வகுப்புக்கு அவள் வரவே இல்லை. பல ஆண்டுகள் கழித்து ஒரு சூன் மாதத்தில், தன் மகளை எங்கள் வளாகத்துத் தொடக்கப் பள்ளியில் சேர்க்க வந்தாள். மீண்டும் கருவுற்றிருந்தாள்; ஏழெட்டு மாதம் இருக்கும். "வீட்டில் துணைக்கு யாரம்மா இருக்கிறார்கள்?" என்று கேட்டேன். பக்கத்தில் நின்ற ஆறு வயதுக் குழந்தையின் தலையில் கை வைத்து, "இவ இருக்காளே சார்" என்றாள். விளையாட்டாகத்தான் சொன்னாள். எனக்கு அன்று முழுவதும் வேலை ஓடவில்லை.

பிறரைக் குறை கூறுமுன் என்னையும் கூறிக்கொள்கிறேன். என் தாயார் சித்தாள் வேலை பார்த்தவர். என் தம்பி வயிற்றில் இருந்தபோது ஒன்பதாம் மாதத்திலும் கலவைச் சட்டி சுமந்தார். வீட்டு வேலைக்கென்று என் தமக்கையை ஐந்தாம் வகுப்போடு நிறுத்தினார்கள். நான் திண்ணையில் அமர்ந்து வாய்விட்டுப் பாடம் படிப்பேன். அக்காள் எனக்குச் சோறு போட்டுவிட்டுத் தெருக்குழாய்க்குப் போவாள். குடும்பத்தில் படிக்கும் பிள்ளை என்று எனக்குப் பெருமை. என் பெயருக்குப் பின்னால் பட்டங்களை எழுதும்போதெல்லாம் அந்தக் குடம் நினைவுக்கு வருகிறது.

ஆகவே இளைஞர்களே, பேறுகாலத்துக்கு முந்திய மூன்று திங்களின் வேலைச்சுமை நம் வீடுகளில் யார் தலையில் இறங்குகிறது என்று பாருங்கள். பாதி அந்தத் தாயின் மேலேயே நிற்கிறது. மற்றப் பாதி மூத்த மகளின் மேல் விழுகிறது. தாய்க்கு அதனால் இரத்தம் குறைகிறது. மகளுக்குப் படிப்பு குறைகிறது. கல்விச் சங்கம் ஒன்று இதைப் பேசாமல் வேறு எவர் பேசுவது?

அண்ணல் அம்பேத்கர் இதைப் பேசினார். 1928ஆம் ஆண்டு சூலைத் திங்களில், பம்பாய்ச் சட்டமன்றத்தில் ஆலைப் பெண் தொழிலாளர்க்கான மகப்பேற்று உதவி மசோதா வந்தபோது, அவர் அதை ஆதரித்து உரையாற்றினார். பேறுகாலத்திற்கு முன்னும் பின்னும் தாய்க்கு ஓய்வு கிடைப்பது நாட்டின் நலனுக்கே உரியது என்றும், அதன் செலவில் பெரும்பகுதியை அரசு ஏற்பதே முறை என்றும், அரசு ஏற்காத நிலையில் அப்பெண்ணின் உழைப்பால் ஆதாயம் பெறும் முதலாளி கொடுப்பதில் தவறில்லை என்றும் வாதிட்டார். 1929இல் அது சட்டமாயிற்று. பின்னர் வைசிராய் நிருவாகக் குழுவில் 1942 முதல் 1946 வரை தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்தபோதும், சுரங்கப் பெண்களின் மகப்பேற்று உதவிச் சட்டத்தைத் திருத்தும் மசோதாவைக் கொண்டுவந்தார்.

அவருக்கு இது ஏட்டில் படித்த செய்தியாக இருந்திருக்க முடியாது. அவர் தம் பெற்றோருக்குப் பதினான்காவது குழந்தை. தாயார் பீமாபாய் அவருடைய ஐந்தாறு வயதிலேயே மறைந்தார். அன்னை இரமாபாய் ஈன்ற ஐந்து குழந்தைகளில் யசுவந்த் ஒருவரே பிழைத்தார். கடைசி மகன் இராசரத்தினம் 1926இல் இறந்தான். அதற்கு இரண்டு ஆண்டுகள் கழித்துத்தான் மேற்சொன்ன உரை. ஆண்டுதோறும் ஏப்ரல் 14இல் அண்ணலின் படத்துக்கு மாலை சூட்டுகிறோம். அவர் தாயுரிமைக்காக வாதாடியவர் என்பதை நம் மேடைகளில் எத்தனை பேர் சொல்லக் கேட்டிருக்கிறீர்கள்?

இன்று சட்டம் இல்லாமலில்லை. 1961ஆம் ஆண்டின் மகப்பேற்று உதவிச் சட்டம் 2017இல் திருத்தப்பட்டு, முதலிரு பேறுகளுக்கு 26 வாரம் ஊதியத்தோடு கூடிய விடுப்பு வந்தது; அதில் 8 வாரம் வரை பேற்றுக்கு முன்பே எடுத்துக்கொள்ளலாம். இப்போது அது சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்துள் அடங்கியிருக்கிறது. ஆனால் நம் பெண்கள் எங்கே வேலை செய்கிறார்கள்? புல்வாருக்குள் உள்ள வீடுகளில் பாத்திரம் துலக்குகிறார்கள். சிறு விடுதிகளில் படுக்கை விரிப்புத் துவைக்கிறார்கள். கட்டடங்களில் செங்கல் சுமக்கிறார்கள். பத்துப்பேர் கூட இல்லாத இடத்தில் அந்த விடுப்பு வந்து சேர்வதில்லை. வேலைக்குப் போகாத நாளுக்குக் கூலியில்லை. முதற்குழந்தைக்கு மைய அரசு 5,000 ரூபாய் தருகிறது. இரண்டாவது பெண்ணாகப் பிறந்தால் 6,000 ரூபாய். அதை வேண்டாம் என்று விடாதீர்கள். அங்கன்வாடியில் பதிந்து வாங்குங்கள். ஆனால் மூன்று மாதக் கூலிக்கு அது ஈடாகாது என்பது உங்களுக்கே தெரியும்.

நம்முடையது தொழிலாளர் உரிமைக்கு உயிர் கொடுத்த ஊர். 1936 சூலை 30ஆம் நாள் சவானா ஆலைத் தொழிலாளர் பன்னிருவர் துப்பாக்கிச் சூட்டில் மாண்டனர். மறு ஆண்டே பிரெஞ்சிந்தியாவில் எட்டு மணி நேர வேலை சட்டமாயிற்று. அந்த எட்டு மணி நேரம் நம் அடுக்களைக்குள் இன்னும் நுழையவில்லை. நிறைமாதப் பெண் விடியற்காலை தண்ணீர் வரும் நேரத்தில் எழுந்தால், இரவு கடைசிப் பாத்திரத்தைக் கவிழ்க்கும் வரை நிற்கிறாள். வேலையே செய்யலாகாது என்று மருத்துவர் சொல்லவில்லை. நடக்கலாம், சமைக்கலாம், உட்கார்ந்து செய்யும் வேலை எதுவும் செய்யலாம். பாரம் தூக்குவதும், நெடுநேரம் நிற்பதும், குடத்தோடு மாடிப்படி ஏறுவதுமே ஆகாதவை. பகலில் இரண்டு மணி நேரமாவது இடப்பக்கமாய் ஒருக்களித்துப் படுக்க வேண்டும். மல்லாந்து படுத்தால் கருப்பையின் பாரம் பெரிய இரத்தக் குழாயை அழுத்துமாதலால் குழந்தைக்குச் செல்லும் இரத்தம் குறையும். இதைச் சொன்னால், பகலில் படுத்தால் சோம்பேறி என்பார்களே சார் என்று ஒரு பெண் என்னிடம் கேட்டாள். அவள் கேட்டது நியாயம். அவளைச் சோம்பேறி என்னாதிருக்க வேண்டியவர்கள் இங்கே அமர்ந்திருக்கிறோம்.

உணவைப் பற்றி நம் வீடுகளில் ஒரு தவறான எண்ணம் உண்டு. கடைசி மாதங்களில் அதிகம் உண்டால் குழந்தை பெருத்துப் பேறு கடினமாகும் என்று அரை வயிற்றோடு எழுப்பிவிடுகிறார்கள். குழந்தை எடை கூடுவதே இந்த மூன்று மாதங்களில்தான். வழக்கத்தைவிட ஒரு வேளைச் சிற்றுணவு கூடுதலாகவே வேண்டும். விலையுயர்ந்த மாவும் பானமும் தேவையில்லை. முருங்கைக்கீரை, கேழ்வரகு, வேர்க்கடலை, முட்டை, வம்பாக்கீரப்பாளையத்துக் கரையில் கிடைக்கும் நெத்திலி, மத்தி எல்லாம் நல்லவை. மாட்டிறைச்சியில் இரும்புச் சத்து மிகுதி. நன்றாக வேகவைத்து உண்ணலாம். நம் முன்னோர் உண்டதை இழிவென்று நமக்குக் கற்பித்தவர்களுக்காக நம் தாய்மார்கள் இரத்தசோகையில் கிடக்க வேண்டியதில்லை. கருவாட்டை மட்டும், இரத்த அழுத்தம் இருக்கிறதென்று மருத்துவர் சொல்லியிருந்தால், ஒதுக்கிவையுங்கள். எல்லாவற்றினும் முதன்மையானது, அவள் கடைசியாக உண்ணும் வழக்கம் நிற்க வேண்டும். ஆண்கள் உண்டு, பிள்ளைகள் உண்டு, சட்டியின் அடியில் மிஞ்சும் குழம்பில் மீன்துண்டு இருப்பதில்லை.

2019 முதல் 2021 வரை எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், இந்தியாவின் கருவுற்ற பெண்களுள் பாதிக்கு மேற்பட்டோர், நூற்றுக்கு 52 பேர், இரத்தசோகை உடையோர் என்று கண்டார்கள். குருதியில் ஈமோகுளோபின் 11 கிராமுக்குக் கீழே போனால் சோகை. 7 கிராமுக்குக் கீழே போனால் பேராபத்து. பேற்றின்போது இரத்தம் போவது இயல்பு. நல்ல உடல் அதைத் தாங்கும். சோகை பிடித்த உடல் தாங்காது. அதற்காகத்தான் அரசு இரும்புச் சத்து மாத்திரையை நாள்தோறும் ஒன்று வீதம் 180 நாளைக்கு விலையின்றிக் கொடுக்கிறது.

அந்த மாத்திரை எங்கே போகிறது தெரியுமா? அரிசிப்பானைக்குப் பின்னால் போகிறது. வயிற்றைப் புரட்டுகிறது, மலம் கறுப்பாகப் போகிறது என்பது ஒரு காரணம். மலம் கறுப்பது தீங்கில்லை. வயிற்றைப் புரட்டினால் இரவு உணவுக்குப் பின் போட்டுக்கொள்ளலாம். தேநீரோடும் பாலோடும் சுண்ணாம்புச் சத்து மாத்திரையோடும் சேர்க்காமல், எலுமிச்சைச் சாற்றோடு விழுங்கினால் நன்றாகச் சேரும். ஆனால் இன்னொரு காரணம் இருக்கிறது; அதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது. இந்த மாத்திரை தின்றால் குழந்தை கறுப்பாகப் பிறக்கும் என்கிறார்கள். மாத்திரையை மறைத்துவிட்டு, கடன் வாங்கியாவது குங்குமப்பூ வாங்கிப் பாலில் போட்டுக் கொடுக்கிறார்கள், குழந்தை சிவப்பாக வேண்டுமாம்! தோலின் நிறம் பெற்றோரின் மரபுவழி வருவது. மாத்திரையும் மாற்றாது, குங்குமப்பூவும் மாற்றாது. இது அறிவியல். அறிவியலுக்கு அப்பாலும் நான் கேட்பேன்: நிறத்தையும் பிறப்பையும் வைத்து நம்மைத் தள்ளிவைத்தவர்களின் தராசை நாமே வீட்டுக்குள் கொண்டுவந்து, பிறவாத நம் குழந்தையை அதில் நிறுக்கலாமா? கருத்தரங்கில் சுயமரியாதை பேசும் நம் இளைஞர் தம் மனைவியின் மாத்திரை அட்டையை ஒருநாள் எடுத்துப் பார்க்கட்டும், எத்தனை மாத்திரை மிஞ்சியிருக்கிறதென்று.

மாமியார்கள் சொல்லும் ஒரு சொல் உண்டு: "நாங்க பெத்துக்கலையா?" அவர்களைப் பழித்து நான் பேச மாட்டேன். அறுவடைக் களத்திலும் செங்கற்சூளையிலும் வலி கண்டு பெற்றவர்கள் அவர்கள். பெற்றார்கள், உண்மைதான். எத்தனை பெற்றீர்கள், எத்தனை நிலைத்தன என்று அருகே அமர்ந்து மெல்லக் கேட்டுப்பாருங்கள். கேட்க எவரும் இல்லாததால் சொல்லாதிருந்த கணக்கு வெளிவரும். அதற்குப் பின் அந்த மூதாட்டியே மருமகளைப் படுக்கச் சொல்லுவார், நான் கண்டிருக்கிறேன்.

வளைகாப்பை நான் வெறுப்பவன் அல்லேன். கண்ணாடி வளையலும் ஐந்து வகைச் சோறும் அந்தப் பெண்ணின் முகத்தில் ஒரு மகிழ்ச்சியைக் கொண்டுவருகின்றன. ஆண்டு முழுவதும் பிறர்க்குப் பரிமாறியவளுக்கு அன்று ஒருநாள் பிறர் பரிமாறுகிறார்கள். ஆனால் இப்போது மண்டபம், பதாகை, ஒளிப்படக்காரர் என்று வட்டிக்கு வாங்கிச் செய்கிறார்கள். அந்தக் கடனைத் தீர்க்க எட்டாம் மாதத்தில் அவளே வேலைக்குப் போகிறாள். பிள்ளையில்லாதவளையும் கணவனை இழந்தவளையும் வளையல் போட விடாமல் வாசலில் நிறுத்துவது வேறு. தீண்டாமையின் வலி அறிந்த நாம் அதைச் செய்யலாகாது.

வளைகாப்பு முடிந்து தாய்வீடு அனுப்புவதிலும் நம் ஊருக்கே உரிய ஒரு சிக்கல் உண்டு. புதுச்சேரியின் எல்லைகள் தமிழ்நாட்டு எல்லைகளோடு பின்னிக் கிடப்பவை. உப்பளத்துக்கு வாழ்க்கைப்பட்டவளின் தாய்வீடு வானூர்ப் பக்கமோ, கண்டமங்கலத்துப் பக்கமோ, கடலூர்ப் பக்கமோ இருக்கும். அங்கே அரசு வேறு, பதிவு வேறு. தமிழ்நாட்டில் கருவுற்ற பெண்களுக்குப் 'பிக்மி' எண் என்று ஒன்று கொடுக்கிறார்கள். குழந்தையின் பிறப்புச் சான்றிதழுக்கும் அதைக் கேட்கிறார்கள். ஆதலால் அனுப்புவதற்கு முன்பே அந்த ஊர்ச் செவிலியரைக் கண்டு பதிந்துவிடுங்கள். தாய் சேய் நல அட்டை அவள் பையில் இருக்க வேண்டும். இங்கே பீரோவில் பூட்டிவைத்துவிட்டு, நள்ளிரவில் அங்கே வலி கண்டபோது தேடுவதில் பயனில்லை.

அந்த அட்டையைக் கணவன் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும். என் பழைய மாணவன் ஒருவன் ஆட்டோ ஓட்டுகிறான். பள்ளியில் கணக்கில் அவனுக்கும் எனக்கும் ஓயாத வழக்கு. மனைவியின் அட்டையில் இரத்த அழுத்தம் 110, பின் 122, பின் 138 என்று ஏறிவருவதை அவனே கண்டு, அடுத்த நாள் குறித்திருந்தும் காத்திராமல் முன்னதாகவே அழைத்துச் சென்றான். 140க்கு 90 என்பது எல்லைக் கோடு. முகமும் கையும் வீங்குதல், நீங்காத தலைவலி, கண் மங்குதல் ஆகியவை அந்த எல்லையைக் கடந்ததன் அறிகுறிகள். அதற்குமேல் வலிப்பு வரும். அதைக் காற்றுக் கருப்பு என்று வேப்பிலை அடித்துக்கொண்டிருந்தால் தாயும் போவாள், சேயும் போகும். உதிரப்போக்கு, பனிக்குடம் உடைதல், குழந்தையின் அசைவு குறைதல் ஆகியவற்றில் எது கண்டாலும் விடியட்டும் என்று காத்திராதீர்கள். 108ஐ அழையுங்கள். எல்லைப்பிள்ளைச்சாவடியில் அரசு மகளிர் மருத்துவமனை இருக்கிறது. கோரிமேட்டில் சிப்மர் இருக்கிறது. இவ்வளவு அருகில் இத்தனை மருத்துவ வசதி வாய்த்த ஊர்கள் நாட்டில் மிகச் சில. நம் ஊரில் ஏறத்தாழ எல்லாப் பேறுகளும் மருத்துவமனையில்தான் நிகழ்கின்றன. ஆனால் மருத்துவமனைக்கு வருவது கடைசி இரண்டு மூன்று நாள்; அதற்கு முந்திய தொண்ணூறு நாளும் நம் வீட்டில் கழிகின்றன.

மழைக்காலத்தை நினைவில் வையுங்கள். உப்பளம் தாழ்வான நிலம், பெயரே சொல்லுகிறது. 2024 நவம்பர் 30ஆம் நாள் இரவு ஃபெஞ்சல் புயல் கரை கடந்தபோது ஒரே நாளில் ஏறத்தாழ 48 சென்டிமீட்டர் மழை கொட்டியது; தெருக்கள் வாய்க்கால்களாயின. அப்படிப்பட்ட இரவில் ஒன்பதாம் மாதப் பெண்ணை மார்பளவு நீரில் நடத்திச் செல்ல முடியுமா? ஐப்பசி, கார்த்திகையில் நாள் குறித்திருப்பவர்கள், புயல் எச்சரிக்கை வந்த அன்றே மேட்டுப்பாங்கான இடத்து உறவினர் வீட்டுக்கோ மருத்துவமனைக்கு அருகிலோ அவளைக் கொண்டுபோய் வைப்பதே அறிவுடைமை.

மதுவைப் பற்றியும் சொல்லாமல் இறங்க மாட்டேன். நம் ஊரில் கடைக்குக் குறைவில்லை. மாலையில் கணவன் எந்த நிலையில் வருவானோ என்று வாசலைப் பார்த்து நடுங்கிக்கொண்டிருப்பவளுக்கு நான் சொன்ன ஓய்வு, உணவு எதுவும் பயன்படாது. வயிற்றுப் பிள்ளைக்காரியின் மேல் கை வைப்பவனைக் குடும்ப விவகாரம் என்று விட்டுவிடாதீர்கள். நண்பர்களே தட்டிக் கேளுங்கள். பெண்கள் 181 என்ற எண்ணில் உதவி கேட்கலாம்.

சங்கத்தாரிடம் ஒரு வேண்டுகோள். நம் மாலைநேரப் பயிற்சி வகுப்பில் வருகைப் பதிவேடு இருக்கிறது. அதில் தொடர்ந்து மூன்று நாள் வராத சிறுமியின் வீட்டுக்கு இருவர் சென்று காரணம் கேட்டு வாருங்கள். தாய்க்கு மாதம் ஆகிவிட்டது என்றால், அந்த வீட்டின் ஆண்மக்களை அழைத்துப் பேசுங்கள். அவர்களும் இயலாதவர்களாயின், அந்தத் தெருவில் நம் இளைஞர் இருவர் காலையில் தண்ணீர் எடுத்துக் கொடுக்கட்டும். ஒவ்வொரு மாதமும் 9ஆம் நாள் அரசு மருத்துவமனைகளிலும் நலவழி மையங்களிலும் கருவுற்றோர்க்கான சிறப்புப் பரிசோதனை நடைபெறுகிறது. அன்று மனைவியோடு செல்லும் கணவன் அரைநாள் கூலியை இழப்பான். அந்த அரைநாள் கூலியை ஏழைக் குடும்பங்களுக்கு நம் நிதியிலிருந்து கொடுக்க இயலுமா என்று செயற்குழு கருத வேண்டுகிறேன். முதல் ஆண்டுக்கு என் பங்காக ஒரு மாத ஊதியத்தைத் தர இசைகிறேன்.

ஒன்பதாம் வகுப்போடு நின்றவளின் மகள் இப்போது மூன்றாம் வகுப்பு படிக்கிறாள். கணக்கு நன்றாக வருகிறது. சென்ற வாரம் பதிவேட்டைப் பார்த்தேன்; இம்மாதம் ஒரு நாளும் தவறவில்லை.